சீட்டில் வந்த நாடு

மூன்றாம் நாள் காலை
மாநாட்டு அரங்கின் வாசலில்
ஒரு நரித்தோல் தொப்பியை நீட்டினார்கள்.
உள்ளே எழுபத்தோரு நாடுகள்,
நான்காய் மடித்த தாள்களில்.
சொந்த நாடு வந்தால் திருப்பிப் போட்டுவிட வேண்டும்.
விதி அது ஒன்றுதான்.

பின்லாந்துப் பெண்ணுக்குச் சாட் கிடைத்தது.
அது எங்கே இருக்கிறதென்று
அவள் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தபோது
என் சீட்டைப் பிரித்து வாசித்தேன்: கிரிபாட்டி.
"கிரிபாஸ்" என்று திருத்தினான் பின்னால் நின்றவன்.
"எழுதுவது அப்படி, சொல்வது இப்படி."
பெயர் தெகிமாவ்.
இரவல் கோட்டின் கைகளுக்குள்
அவன் விரல்கள் காணாமல் போயிருந்தன.
அவன் சீட்டில் இருந்தது மங்கோலியா.

கடலை நான் பார்த்ததில்லை.
பனியோடு அவனுக்கு மூன்று நாள் பழக்கம்.
யார் வீட்டு மாவோ சிந்திக் கிடப்பதுபோல
ஒதுங்கி ஒதுங்கி நடந்தான்.

அன்றிரவு அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.
உலான்பாத்தரின் வடக்குச் சரிவு.
பேருந்து திரும்பும் இடத்துக்கும் மேலே
இன்னும் ஏற வேண்டும்.
மைனஸ் இருபத்தொன்பது.
கூடாரத்தின் நடுவில் அடுப்பு.
தம்பி தெமுலென் அதற்குக் கரிக்கட்டிகளை
ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருந்தான்,
இருமிக்கொண்டே.
அம்மா ஆவியில் வேகவைத்த பூஸ் பரிமாறினாள்.
பதினொன்று தின்றான்.
பிறகு அடுப்பைக் காட்டிக் கேட்டான்:
"இது அணைந்துபோனால்?"
"அணைய விடுவதில்லை" என்றாள் அம்மா.
மொழிபெயர்த்தேன்.
வேறெதுவும் கேட்கவில்லை அவன்.

இறங்கி வரும்போது அவன் முறை.
கிணற்றில் உப்பு ஏறிய வருடத்தைச் சொன்னான்.
குழி தோண்டி நட்ட கிழங்கு
இலை நுனியிலிருந்து மஞ்சளித்ததை.
பௌர்ணமி அலை உள்ளே வந்த இரவில்
பள்ளிக்கூட பெஞ்சுகளைக் கூரைமேல் ஏற்றியதை.
மறுநாள் ஈரம் காயாத அதே பெஞ்சில்
கணக்குப் பரீட்சை.
"பாஸா?" என்றேன்.
"பெயில்" என்று சிரித்தான்.

விவாதத்தில் முதலில் நான்.
கிணற்றைச் சொன்னேன், கிழங்கைச் சொன்னேன்.
பெஞ்சைச் சொல்ல வந்தபோது
மணியடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அவன் எழுந்தான்.
"தலைவர் அவர்களே,
எங்கள் பிள்ளைகள் இருமுகிறார்கள். தெரியும்.
விறைத்துப்போன பிள்ளை இருமுவதில்லை."
அவ்வளவுதான்.
காகிதம் புரளும் சத்தம்கூட நின்றுபோனது.
என் தம்பியின் இருமல்
எல்லோருடைய காதுக்கருவியிலும்
ஆறு மொழிகளில் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டுக்கு முப்பத்தொன்று.
இரண்டு பேர் யாருக்கும் போடவில்லை.
கரி வென்றது.

கைகுலுக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு
கழிப்பறைக்குள் போனவன்
நெடுநேரம் முகம் கழுவினான்.
அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.
"உன் கிணற்றை நான் சரியாகச் சொல்லவில்லை" என்றேன்.
"உன் தம்பியை நான்
சரியாகச் சொல்லிவிட்டேன்" என்றான்.
சொட்டும் முகத்தைத் துடைக்கத் தாள் தீர்ந்திருந்தது.
கோட்டின் கையால் துடைத்துக்கொண்டான்.

கடைசி நாள்
தீர்மானத்தின் நான்காம் பத்தியில்
"வலியுறுத்துகிறது" என்று போடுவதா
"கேட்டுக்கொள்கிறது" என்று போடுவதா என
நாற்பது நிமிடம் பேசினோம்.
கேட்டுக்கொண்டோம்.
குழுப்படத்தில் என் கண் மூடியிருக்கிறது.

அவன் விமானம் விடியற்காலையில்.
நான் மலையேறி வந்தபோது
தெமுலென் தூங்க ஆரம்பித்திருந்தான்.
அடுப்பு என் பொறுப்பு.
இரண்டு கட்டி போட்டேன். மூன்றாவதும்.
நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
ரொட்டித் துண்டின் எடைதான் இருக்கும்.
எவ்வளவு நேரம் நின்றேனோ,
கதவை வேறு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது.
"அக்கா, குளிருது" என்றான்
போர்வைக்குள்ளிருந்து.

போட்டேன்.